கோல்ஃபில் பக்கி இல்லாமல் 18 ஹோல் நடக்க உடம்பைத் தயார் செய்வது எப்படி?

கிள்ளான்_காத்து:
வணக்கம். கிள்ளானில் இருக்கிறேன், வயது 52, ஹேண்டிகேப் 21, அதாவது சுமாராக ஆடுகிறவன். கோல்ஃப் ஆரம்பித்த நாளிலிருந்து பக்கியில்தான் (மைதானத்துக்குள் ஓட்டும் சின்ன வண்டி) சுற்றியிருக்கிறேன். இங்கே நிறைய மைதானங்களில் பக்கி கட்டாயம், கட்டணத்தோடு சேர்த்தே வாங்கிவிடுவார்கள், வேண்டாம் என்றாலும் காசு போகும். இப்போது சேர்ந்திருக்கும் கிளப்பில் வாரநாள் காலையில் நடக்க விடுகிறார்கள் என்பதால் ஸ்டாண்ட் பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். முன் ஒன்பது ஹோல் ஜாலியாகப் போனது. 12வது ஹோலில் தொடை கனக்க ஆரம்பித்து, 15க்குப் பிறகு பந்து எங்கே போய் விழுகிறது என்ற கவலையே போய்விட்டது, அதுவரை நடக்க வேண்டுமே என்பதுதான் கவலை. மறுநாள் காலை மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன்.

எனக்குப் புரியாதது என்னவென்றால், நான் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் கிடையாது. வாரத்தில் மூன்று நாள் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன். ஓடுகிறவனுக்கே இந்தக் கதி என்றால் எதைப் பயிற்சி செய்ய வேண்டும்? இன்னும் வேகமாக ஓட வேண்டுமா, ஜிம்முக்குப் போக வேண்டுமா, இல்லை நடந்து நடந்துதான் பழக வேண்டுமா?

டாலஸ்_தம்பி:
அண்ணே, நீங்கள் ஓடுவது அரை மணி நேரம், 18 ஹோல் நடப்பது நாலரை மணி நேரம். இரண்டுக்கும் வேண்டிய உடம்பு வேறு. ஸ்கோர் கார்டில் 6,400 கெஜம் என்று போட்டிருந்தால் அது சுமார் 5.9 கிலோமீட்டர், ஆனால் அது டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) கிரீன் (குழி இருக்கும் புல்தரை) வரை நேர்கோட்டில் அளந்த கணக்கு. கிரீனிலிருந்து அடுத்த டீக்குப் போவது, ரஃபில் (ஓரத்து உயரப் புல்லில்) பந்து தேடுவது, பங்கர் மணல்குழியைச் சுற்றி வருவது எல்லாம் சேர்த்தால் 8லிருந்து 10 கிலோமீட்டர் ஆகிவிடும். நம்மைப் போல இடதும் வலதுமாக அடிப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் போனஸ்.

அப்புறம் அந்தப் பை. அதை ஒருமுறை வீட்டுத் தராசில் நிறுத்திப் பாருங்கள். 14 கிளப் (மட்டை) மட்டும் ஐந்தரை, ஆறு கிலோ. பை இரண்டரை. ஒரு டஜன் பந்து அரை கிலோவுக்கு மேல். இரண்டு லிட்டர் தண்ணீர் இரண்டு கிலோ. குடை, மழைச் சட்டை, தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர், எப்போதோ போட்டுவைத்த பழைய கையுறைகள். 12 கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஷாட்டுக்கும் இறக்கி, மறுபடி குனிந்து தூக்கி மாட்டுகிறீர்கள். முதல் வேலையாக அதைத் தோளிலிருந்து இறக்குங்கள், பையை வைத்துத் தள்ளும் புஷ் கார்ட் வாங்குங்கள். உடம்பைத் தேற்றுவது அதற்குப் பிறகு.

2008ல் டென்வரில் நீல் வோல்காடாஃப் என்பவர் கோல்ஃபர்களை அளந்து பார்த்தார். ஒன்பது ஹோலுக்கு, பையைத் தோளில் சுமந்தால் 721 கலோரி, புஷ் கார்ட் தள்ளினால் 718, பை தூக்கும் கேடியோடு நடந்தால் 613, பக்கியில் போனால் 411. சுமந்தாலும் தள்ளினாலும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் தள்ளியவர்களின் ஸ்கோர் சராசரி 40, சுமந்தவர்களுக்கு 45 (கோல்ஃபில் குறைவாக இருந்தால்தான் நல்லது). எட்டே பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வு, வேதவாக்காக எடுக்க வேண்டாம். இருந்தாலும் நம் கண்ணில் படுவதும் அதுதான்.

நடைராஜா:
இந்த விளையாட்டே நடப்பதற்காக உண்டானது. செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் பெரும்பாலும் எல்லோரும் நடந்துதான் ஆடுகிறார்கள். ஓரிகனில் பேண்டன் டியூன்ஸ், நியூயார்க்கில் பெத்பேஜ் பிளாக், இரண்டிலும் நடந்தால்தான் ஆட்டம். வண்டியில் உட்கார்ந்து பந்தைத் துரத்துவதற்குப் பெயர் கோல்ஃப் இல்லை, பிக்னிக். உடம்பு, பயிற்சி என்று இழுக்காமல் வாரா வாரம் நடங்கள், கால் தானாகப் பழகும்.

ரெண்டு_முட்டியும்_புதுசு:
தம்பி நடைராஜா, கொஞ்சம் நிதானம். எனக்கு 68 வயது, இரண்டு முழங்காலும் மாற்றியாகிவிட்டது. பக்கி இல்லையென்றால் எனக்கு கோல்ஃபே இல்லை. கேஸி மார்ட்டின் என்று ஒருவர், டைகர் உட்ஸோடு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணியில் ஆடியவர், வலது காலில் பிறவியிலேயே ரத்த ஓட்டக் கோளாறு. போட்டியில் பக்கி ஓட்ட விடமாட்டோம் என்ற பிஜிஏ டூர் (அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் அமைப்பு) மீது வழக்குப் போட்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார். 2001ல் 7க்கு 2 என்று தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. நடப்பது இந்த ஆட்டத்தின் உயிர்நாடியா இல்லையா என்று நீதிபதிகளே உட்கார்ந்து விவாதித்து, இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிக்னிக் என்பதை அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள்.

கிள்ளான் தம்பிக்கு: நடக்க முடிகிற முட்டி இருக்கும்போது நடந்துவிடுங்கள். நான் தடுக்கவில்லை.

நடைராஜா:
ஐயா, உங்களைச் சொல்லவில்லை. முடிந்தும் நடக்காதவர்களைத்தான் சொன்னேன். மன்னிக்கவும்.

அடையாறு_ஸ்லைஸ்:
சென்னையிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு இந்தப் பிரச்சினை தலைகீழ். இங்கே நடப்பதுதான் வழக்கம், கேடி பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வருவார். காலையில் ஒரு ரவுண்டு முடித்துவிட்டு, டீயும் பன்னும் சாப்பிட்டு, மதியம் இன்னொருவருக்காக மறுபடி அதே 18 ஹோல் நடக்கிற கேடிகள் இருக்கிறார்கள், அதுவும் 50 வயதுக்கு மேல். அவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று பின்னாலிருந்து கவனித்தாலே பாதிப் பாடம் வந்துவிடும். நான் பார்த்தவரை ஒருவர்கூட வேகமாக நடப்பதில்லை. ஆனால் நிற்பதும் இல்லை. நீங்கள் கிளப்பை உள்ளே போடும்போதே அவர் கால் நகர ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று, கிரீனுக்கு வந்ததும் பையை எங்கே வைக்கிறார் என்று பாருங்கள். பந்து எந்தப் பக்கம் கிடந்தாலும் சரி, பை போய் உட்காருவது அடுத்த டீக்குப் போகிற வழியில். பட் (குழிக்குள் உருட்டும் அடி) முடிந்ததும் கொடியைக் குழியில் வைத்துவிட்டு நேரே கிளம்பிவிடுவார். நம் ஆட்கள் கிரீனுக்கு முன்னால் போட்டுவிட்டு, முடிந்ததும் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு மறுபடி கிரீனைச் சுற்றிப் போவார்கள். ஒவ்வொரு ஹோலுக்கும் முப்பது நாற்பது அடி என்று வைத்துக்கொண்டாலும் 18க்கு எவ்வளவு என்று பாருங்கள், அதுவும் பின்னால் வருகிற ஃப்ளைட் (அடுத்த குழு) இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கும்போது.

பிசியோ_மலர்:
சிங்கப்பூரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன், கோல்ஃப் சுமாராகத்தான் ஆடுவேன். கிள்ளான் அண்ணன் சொன்ன படியிறங்குகிற வலிதான் முக்கியமான துப்பு. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது, இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. பழக்கமில்லாத தசைக்கு இந்த பிரேக் வேலைதான் மறுநாள் வலி கொடுக்கும். சமதளத்தில் ஓடுகிறவருக்கு இதற்கு வாய்ப்பு குறைவு, மைதானத்திலோ ஒவ்வொரு சரிவும் இதைத்தான் கேட்கிறது, அதுவும் சுமையோடு.

அதனால் வீட்டுப் படிக்கட்டில் செய்யுங்கள். கடைசிப் படியில் நின்று, ஒரு காலை முன்னால் தொங்கவிட்டு, நிற்கிற காலின் முட்டியை மெல்ல மடக்கிக் குதிகால் தரையை லேசாகத் தொடும் வரை இறங்குங்கள், மூன்று எண்ணிக்கைக்கு. தொட்டதும் ஏறிவிடலாம். ஒரு காலுக்கு 8 தடவையில் ஆரம்பித்து 12 வரை, அப்படி இரண்டு மூன்று சுற்று. முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தால் படி உங்களுக்கு உயரம், இன்னும் தாழ்வான பலகையில் செய்யுங்கள். அதே படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, குதிகாலைத் தூக்கி மெல்ல இறக்கினால் ஆடுசதைக்கும் ஆச்சு. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது, இதெல்லாம் சும்மா கிடைக்கிற பயிற்சி. வாரம் இரண்டு நாள் போதும். தினமும் செய்து தசையைக் களைக்க வைத்துவிட்டு மைதானத்துக்குப் போகாதீர்கள்.

ஓட்டத்தை விட வேண்டாம், மூன்றில் ஒன்றை மட்டும் நீண்ட நடையாக மாற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் ஆரம்பித்து வாரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கூட்டி, இரண்டரை, மூன்று மணி நேரம் வரை கொண்டுபோங்கள். வேகத்தைக் கூட்டாதீர்கள், நேரத்தை மட்டும். தார் ரோடு வேண்டாம், புல், மண், மேடு பள்ளம் உள்ள பூங்காவாக இருந்தால் கணுக்காலும் பழகும். இடையிடையே சில நிமிடம் நின்றுவிட்டு மறுபடி நடங்கள், கோல்ஃபில் நடை அப்படித்தான் துண்டு துண்டாக இருக்கும். நின்று நின்று போகும்போதுதான் இடுப்பு பிடிக்கிறது என்று என்னிடம் வருகிறவர்கள் நிறையப் பேர்.

மைதானத்திலும் எடுத்தவுடன் 18 வேண்டாம். முதலில் புஷ் கார்ட்டோடு 9, அதுவும் வாரம் ஒரு தடவை. மறுநாள் காலை படியிறங்கிப் பாருங்கள், சிரமமில்லை என்றால் அடுத்தது 12, 13. கூட ஆடுகிறவர் பக்கியில் வந்தால் முன் ஒன்பதை நடந்துவிட்டுப் பின் ஒன்பதுக்கு அவரோடு ஏறிக்கொள்ளுங்கள், அதிலொன்றும் வெட்கமில்லை.

முன்பு நடந்து பழக்கமே இல்லாதவர்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை, குடும்பத்தில் இதய நோய் இருப்பவர்கள் ஆரம்பிக்கும் முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். மேடு ஏறும்போது நெஞ்சு இறுகினாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ அது வாயுப் பிடிப்பு என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டு பட் அடிக்கப் போகாதீர்கள்.

கிள்ளான்_காத்து:
மலர் அக்கா, அந்தப் படிப் பயிற்சியை இப்போதே செய்து பார்த்தேன், வலது முட்டி உள்ளே சாய்கிறது. பலகை தேடிக்கொண்டிருக்கிறேன்.

டாலஸ் தம்பி, புஷ் கார்ட் பற்றி யோசிக்கிறேன், ஆனால் தோளில் சுமந்து நடப்பதில் ஒரு கெத்து இருக்கிறதே. சரி, வெயிலுக்கு என்ன செய்வது? காலை 7:30க்கு ஆரம்பித்தாலும் 10 மணிக்கு மேல் காற்றே இருக்காது, சட்டை பிழிகிற அளவுக்கு வேர்க்கிறது. பிறந்ததிலிருந்து மலேசியாவில்தான் இருக்கிறேன், உடம்புக்கு இது பழகியிருக்க வேண்டாமா?

டாலஸ்_தம்பி:
ஏசி வீடு, ஏசி கார், ஏசி ஆபீஸ், கூரை போட்ட பக்கி. இதில் எங்கே பழகும் அண்ணே? எங்கள் ஊரில் ஜூலையில் 38 டிகிரி சாதாரணம், இங்கேயும் இதே கதைதான். வெயிலில் உடம்பு வேலை செய்து பழக 10லிருந்து 14 நாள் ஆகும். அதற்குள் வேர்வை சீக்கிரம் வர ஆரம்பிக்கும், அதில் போகிற உப்பு குறையும், அதே வேலைக்கு இதயம் முன்பு போல அடித்துக்கொள்ளாது. ஆனால் அந்த நாட்களில் வெளியே இருக்க வேண்டும். நீண்ட நடையை விடியற்காலையிலேயே முடித்துவிடாமல் சில நாள் 9 மணி வாக்கில் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் அரை மணி நேரம் போதும்.

வெயிலைச் சும்மா நினைக்கவேண்டாம். 1964 யு.எஸ். ஓப்பன், காங்கிரஷனல் மைதானம். அப்போதெல்லாம் கடைசி நாளில் ஒரேயடியாக 36 ஹோல். கென் வென்ச்சுரி காலை 18 முடித்தபோதே வெப்பத்தில் துவண்டுவிட்டார், இதற்கு மேல் ஆட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியும் கேட்காமல் மதியமும் ஆடினார், டாக்டர் கூடவே நடந்தார். ஜெயித்துவிட்டார், அது வேறு விஷயம். அடுத்த வருடமே நாளுக்கு 18 என்று நான்கு நாளாக மாற்றிவிட்டார்கள்.

பிசியோ_மலர்:
தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் ஒவ்வொரு டீயிலும் நாலு மடக்கு. இப்படி வேர்க்கிற ஆளுக்கு வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலை தட்டி. உப்பு போட்ட மோரும் நல்லதுதான், வெயிலில் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டால். தலைவலி, குமட்டல், குளிர்கிற மாதிரி சிலிர்ப்பு வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நிழலுக்குப் போய்விடுங்கள். கூட இருப்பவர் பேச்சில் குழறல் வந்தால் உடனே உடம்பை நனைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மூணாவது_பட்:
ஒரு கேள்வி. எனக்குச் சர்க்கரை, காலையில் கிளிமிபிரைடு மாத்திரை. பக்கியில் ஆடியபோது ஒன்றும் ஆனதில்லை. நடக்க ஆரம்பித்த பிறகு 13, 14வது ஹோல் வாக்கில் கை நடுங்குகிறது, பட்டர் (பட் அடிக்கும் கிளப்) ஆடுகிறது. பதற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிசியோ_மலர்:
ஐயா, அது பதற்றமாக இல்லாமல் சர்க்கரை இறங்குவதாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த மாத்திரை வகைக்கும் இன்சுலினுக்கும் அந்தக் குணம் உண்டு. நாலு மணி நேர நடை கூடச் சேர்ந்தால் இன்னும் இறங்கும். நடக்கிற நாளில் மருந்தை என்ன செய்வது என்று உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்களாகக் குறைக்காதீர்கள். குளுக்கோமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு போய் 6வது, 12வது ஹோலில் குத்திப் பாருங்கள், அந்த எண்களை டாக்டரிடம் காட்டினால் அவருக்கும் வேலை சுலபம். கையில் குளுக்கோஸ் மாத்திரையோ சர்க்கரை போட்ட ஜூஸோ கட்டாயம் இருக்கட்டும். கூட ஆடுகிறவர்களிடமும் சொல்லி வையுங்கள். நீர் பிரியும் பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெயிலில் நடப்பதைப் பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

நுவரெலியா_குளிர்:
நான் கொழும்பில் இருக்கிறேன், விடுமுறைக்கு நுவரெலியா. இரண்டு இடத்திலும் நடந்துதான் ஆடுவது, ஆனால் நடையில் எவ்வளவு வித்தியாசம். கொழும்பில் தரை சமம், புழுக்கம்தான் ஆளை அடிக்கும், களனிவெளி ரயில் மைதானத்துக்குள்ளே போகும்போது நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர், குளிருக்கு வேர்வையே தெரியாது, ஆனால் ஏற்றத்தில் மூச்சு முட்டும். மேட்டில் இருக்கும் கிரீனுக்கு ஏறிப் போனவுடன் பட் அடிக்கக் குனிந்தால் நெஞ்சு அடிப்பது கையில் தெரியும். அங்கே ஒரு வயதான கேடி ஐயா, நான் மேலே வந்ததும் பட்டரை உடனே தரமாட்டார். பந்தை வாங்கித் துடைப்பார், கொடியைப் பார்ப்பார், புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஏதாவது சொல்வார், எனக்கு மூச்சு இறங்கிய பிறகுதான் பட்டர் கைக்கு வரும். இதை அவர் வேண்டுமென்றேதான் செய்கிறார் என்று பிடிபட எனக்கு நாளானது.

அடையாறு_ஸ்லைஸ்:
அருமையான ஆள். களைப்பு முதலில் ஸ்விங்கில்தான் தெரியும், அதுவும் நமக்குத் தெரியாமல். கால் ஓய்ந்தால் இடுப்பு திரும்பாது, கை மட்டும் அடிக்கும், பந்து வலது பக்கம் ஓடும், அதுதான் ஸ்லைஸ். என் பெயரைப் பார்த்தாலே தெரியும். 14க்குப் பிறகு வழக்கத்தைவிடத் தூரம் போகிற கிளப்பை எடுத்து முக்கால் ஸ்விங் போடுகிறேன், ஸ்கோர் அப்படியே நிற்கிறது.

டாலஸ்_தம்பி:
டைகர் விஷயத்தையும் பாருங்கள். 2021 பிப்ரவரியில் கார் விபத்து, வலது கால் நொறுங்கியது. அந்த டிசம்பரில் மகனோடு ஆடிய போட்டியில் பக்கியில் வந்து நன்றாகவே அடித்தார். மறு ஏப்ரலில் மாஸ்டர்ஸ், அகஸ்டாவின் மேடு பள்ளத்தில் நாலு நாளும் நடை. அடிப்பதில் சிக்கலில்லை, நடப்பதுதான் கஷ்டம் என்று அவரே சொன்னார். பாதியில் ஆட்களைக் குறைக்கும் கட்டைத் தாண்டினார், ஆனால் கடைசி இரண்டு நாளும் 78. அடிக்கிற உடம்பும் நடக்கிற உடம்பும் வேறு வேறு என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

கிள்ளான் அண்ணே, கெத்து வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. 14 என்பது அதிகபட்சம்தான், அத்தனையும் எடுத்துப் போக வேண்டும் என்று விதியில் இல்லை. டிரைவர், ஒரு ஹைப்ரிட், 5, 7, 9 அயர்ன், இரண்டு வெட்ஜ், பட்டர். எட்டு. பந்து ஐந்தாறு போதும், தண்ணீரை வழியில் நிரப்பிக்கொள்ளுங்கள். ஆறேழு கிலோவுக்கு வந்துவிடும், இரட்டைப் பட்டையை இரண்டு தோளிலும் மாட்டுங்கள். 21 ஹேண்டிகேப்புக்கு 6 அயர்னுக்கும் 7 அயர்னுக்கும் என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நடைராஜா:
இதை ஒத்துக்கொள்கிறேன். கூடவே சாக்ஸ். மழை பெய்த பிறகு அந்த அகலமான மாட்டுப்புல்லில் நடந்தால் இரண்டாவது ஹோலிலேயே ஷூ நனைந்துவிடும், ஈரச் சாக்ஸில் மிச்சத்தையும் நடந்தால் கொப்புளம் நிச்சயம். 9 முடிந்ததும் மாற்ற ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள், உராயும் இடத்தில் முதலிலேயே வாசலின். ஷூ வாங்குவதாக இருந்தால் சாயங்காலம் போங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பார்த்தால்தான் சரியான அளவு தெரியும்.

மழை என்றதும் இன்னொன்று. பக்கியில் இருப்பவர் சைரன் கேட்டதும் கிளப் ஹவுஸுக்கு ஓட்டிவிடுவார், நடக்கிறவர் 13வது ஹோலின் கோடியில் நிற்பார். மின்னலுக்கு ஒதுங்கும் கூடம் எந்தெந்த ஹோலில் இருக்கிறது என்று முதலிலேயே பார்த்து வையுங்கள். மரத்தடியில் நிற்கவே கூடாது.

கிள்ளான்_காத்து:
எல்லோருக்கும் நன்றி. எட்டு கிளப் பையையும் பார்க்கிறேன், புஷ் கார்ட்டையும் பார்க்கிறேன். என்னிடம் இருப்பது மைவி கார். பின்னால் பையும் கார்ட்டும் சேர்ந்து போகுமா? மூன்று சக்கரமா, நாலா?

ரெண்டு_முட்டியும்_புதுசு:
என் மகனும் மைவிதான். பின் சீட்டில் ஒரு பக்கத்தை மடக்கிப் பையை நீளவாக்கில் படுக்க வைத்தால், டிரைவரை வெளியே எடுக்காமலே போகும். கார்ட்டை மடித்துப் பின்பெட்டியில் வைக்கலாம், நாலு சக்கரம் கச்சிதமாகப் பெட்டி போல மடியும், மூன்று சக்கரம் திருப்ப லேசு ஆனால் மடித்தாலும் சக்கரம் துருத்திக்கொண்டு நிற்கும். கைப்பிடி உங்கள் இடுப்பு உயரத்துக்கு வருகிறதா என்று கடையிலேயே தள்ளிப் பாருங்கள். பின்னால் இழுக்கிற பழைய இரண்டு சக்கர ட்ராலியை மட்டும் வாங்காதீர்கள், ஒரே தோள் பின்னால் முறுகும். கை பிரேக் இருக்கிறதா என்றும் பாருங்கள், என் மகனுடையது சரிவில் தானாகவே கிளம்பிப் போய் குளத்தில் இறங்கிவிட்டது.